காரின் கைப்பிரேக்கை வீட்டிலேயே சரிசெய்தல்: சக்கரத்தில் தொடங்கி கேபிளில் முடிக்க வேண்டிய வேலை

முன்பெல்லாம் ஆறு பல் (இழுக்கும்போது கேட்கும் ஒவ்வொரு சொடுக்கும் ஒரு பல்) ஏறியதும் கைப்பிரேக் லிவர் நின்ற காரில், இப்போது பத்துப் பல் ஏறிய பிறகும் சரிவில் வண்டி நழுவுகிறது என்றால், பெரும்பாலானவர்கள் செய்வது லிவரின் அடியில் உள்ள கேபிள் நட்டை இரண்டு மூன்று சுற்று முறுக்கிவிடுவதுதான். முறுக்கியவுடன் லிவர் பழைய உயரத்திலேயே கெட்டியாக நிற்கும். வேலை முடிந்தது என்ற நிறைவும் வந்துவிடும். ஆனால் பல சமயங்களில் அந்தத் தளர்வு கேபிளில் உண்டானதே அல்ல. சக்கரத்துக்குள், தேய்ந்துபோன லைனிங்குக்கும் (பிரேக் ஷூவின் மேல் உள்ள உராய்வுப் படலம்) சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்சுவருக்கும் நடுவே விழுந்த இடைவெளிதான் லிவரில் தளர்வாகத் தெரிகிறது. அந்த இடைவெளியை அப்படியே விட்டுவிட்டுக் கேபிளை இழுத்துப் பிடித்தால் குறை மறைகிறதே தவிர நீங்குவதில்லை. போதாக்குறைக்கு, டிரம்முக்குள் இருக்கும் தானியங்கிச் சரிசெய்வானையும் அது முடக்கிவிடுகிறது. ஆகவே இந்த வேலையில் மாற்றக்கூடாத வரிசை ஒன்று உண்டு: கேபிளைத் தளர்த்துவது முதலில், சக்கரத்தின் உள்ளே சரிசெய்வது அடுத்து, கேபிளை இறுக்குவது கடைசியில்.

இந்த வரிசையின் காரணம் டிரம்மின் உள்ளமைப்பில் இருக்கிறது. பின்சக்கர டிரம்முக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் எதிரெதிராக நிற்கின்றன. சிறு கார்களில் பரவலாகக் காணும் அமைப்பில், அவற்றுள் பின்பக்க ஷூவின் மேல்முனையில் ஓர் இரும்புக் கரம் அசையும்படி பொருத்தப்பட்டிருக்கும். கேபிள் அந்தக் கரத்தின் கீழ்முனையை முன்னோக்கி இழுக்கும்போது, கரம் இரு ஷூக்களுக்கும் நடுவே உள்ள குறுக்குச் சட்டத்தைத் தள்ள, சட்டம் முன்பக்க ஷூவை டிரம்மோடு அழுத்த, அதன் எதிர்விசையில் பின்பக்க ஷூவும் நகர்ந்து டிரம்மைக் கவ்வுகிறது. காலால் மிதிக்கும்போது இதே ஷூக்களைப் பிரேக் எண்ணெயின் அழுத்தம் தள்ளுகிறது. கைப்பிரேக்கில் கம்பி இழுக்கிறது.

அந்தக் குறுக்குச் சட்டத்திலேயே மரையும் சிறு பல்சக்கரமும் இருக்கும். லைனிங் தேயத் தேய, பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாகத் திரும்பிச் சட்டத்தின் நீளத்தைக் கூட்டி, இடைவெளியை ஒரே அளவில் வைத்திருக்கிறது. இது ஒழுங்காக நடக்க வேண்டுமானால், கைப்பிரேக்கை இறக்கியிருக்கும்போது இரும்புக் கரம் தன் ஓய்வு நிலைக்கு முழுவதுமாகத் திரும்பியிருக்க வேண்டும். கரத்தில் உள்ள சிறு முளை ஷூவின் விளிம்பில் படிந்திருப்பதே அந்த ஓய்வு நிலையின் அடையாளம். கேபிளை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டால் முளை விளிம்பை விட்டு எழும்பியே நிற்கும்; பல்சக்கரம் அடுத்த பல்லுக்குத் தாவுவதற்கு வேண்டிய அசைவும் கிடைக்காமல் போகும்.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பட்டறையில் கைப்பிரேக்கை "டைட்" செய்து தந்த சில மாதங்களுக்குள் லிவர் மறுபடியும் உயரத் தொடங்கியதால், என் காரின் பின்சக்கர டிரம்மை நானே கழற்றினேன். லிவர் முழுவதும் இறங்கியிருந்தும் முளைக்கும் ஷூவின் விளிம்புக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை நுழைக்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. லைனிங் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. பல்சக்கரமோ துருவும் கரிய தூளும் அப்பிப்போய், மரையின் தொடக்கத்திலேயே அசையாமல் கிடந்தது. அத்தனை தேய்மானத்தையும் கேபிள் நட்டு ஒன்றே சுமந்துகொண்டிருந்திருக்கிறது. கேபிளைத் தளர்த்தி, பல்சக்கரத்தைச் சுத்தம் செய்து, உள்ளே சரிசெய்த பிறகு, அந்த நட்டைப் பழைய இடத்திலிருந்து வெகுவாகப் பின்வாங்க வேண்டியிருந்தது.

முதலில் உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

பின்சக்கரத்தில் டிரம் இருந்தால் மேலே சொன்ன அமைப்புதான். பின்சக்கரத்தில் டிஸ்க் இருந்தால் இரண்டு வகைகள் உண்டு. ஒன்றில், கேபிள் நேராக, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் பக்கவாட்டில் உள்ள ஒரு சிறு கரத்தை இழுத்து, உள்ளே இருக்கும் திருகு வழியாகப் பிஸ்டனைத் தள்ளுகிறது. மற்றொன்றில், டிஸ்க்கின் நடுப்பகுதி ஒரு சிறிய டிரம்மாக வார்க்கப்பட்டு, கைப்பிரேக்குக்கென்றே தனியாக இரண்டு சிறு ஷூக்கள் அதற்குள் வைக்கப்பட்டிருக்கும். லிவருக்குப் பதிலாகக் காலால் அழுத்தும் மிதி இருக்கும் கார்களிலும் சக்கரத்தில் உள்ள அமைப்பு இவற்றுள் ஒன்றாகவே இருக்கும்.

லிவரே இல்லாமல் பட்டனை இழுத்தால் இயங்கும் மின்சாரக் கைப்பிரேக்காக இருந்தால், இந்தக் கட்டுரையில் உள்ள முறை எதையும் அதில் செய்து பார்க்க வேண்டாம். அதில் மோட்டாரும் கணினியும் தாமாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்கின்றன. பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவராமல் காலிப்பரில் கை வைத்தால் மோட்டார் எதிர்பாராமல் இயங்கி விரலை நசுக்கிவிடக்கூடும். பிஸ்டனை வலுக்கட்டாயமாகத் தள்ளினால் உள்ளிருக்கும் பொறியும் உடையும்.

பழைய சித்ரோயன், சாப் மாடல்கள் சிலவற்றில் கைப்பிரேக் முன்சக்கரங்களைப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்ட வண்டியானால், கீழே பின்சக்கரம் என்று வரும் இடங்களை முன்சக்கரம் என்றும், முன்சக்கரம் என்று வரும் இடங்களைப் பின்சக்கரம் என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

எந்த வகையானாலும், எத்தனை பல் ஏறி நிற்க வேண்டும் என்ற எண் அந்த மாடலுக்கான பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். பல கார்களில் அது நான்கிலிருந்து ஒன்பதுக்குள் அமைந்திருக்கிறது. ஆனால் உங்கள் மாடலுக்குரிய எண்ணை எடுத்து வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். அடுத்த வீட்டுக் காரில் ஐந்து பல் என்பதால் உங்கள் காரிலும் ஐந்தாக்க முயன்றால், ஓடும்போது உரசும் பிரேக்கைத்தான் உண்டாக்குவீர்கள்.

வண்டியைத் தூக்குவதற்கு முன்

இந்த வேலையின் ஆபத்து எதில் இருக்கிறது என்றால், வண்டியை நிறுத்திவைக்கும் கருவியையே நாம் கழற்றுகிறோம் என்பதில். கைப்பிரேக்கை இறக்கிவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கி, அதன் அடியில் குனியப் போகிறோம். ஆகையால் தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். சற்றே சாய்வாக இருந்தாலும் வேலையை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் தடைக்கட்டை வைக்க வேண்டும். முன்சக்கர இயக்கம் உள்ள காரில் முதல் கியரிலோ, தானியங்கிக் கியரானால் பார்க் நிலையிலோ விடலாம். பின்சக்கர இயக்கம் உள்ள காரில், சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்க நியூட்ரலில்தான் வைத்தாக வேண்டும். அங்கே வண்டியைப் பிடித்திருப்பது தடைக்கட்டைகள் மட்டுமே என்பதால் அவற்றில் எந்தச் சமரசமும் கூடாது.

சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, கையேடு காட்டும் தாங்குமிடங்களில் இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியின் எடை அவற்றின் மேல் முழுவதும் இறங்கும்படி செய்யுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரியது. அதன் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டக்கூடாது. செங்கல்லும் மரத்துண்டுகளை அடுக்கிய தாங்கலும் திடீரென்று பிளக்கும் தன்மை உடையவை. ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு வண்டியின் பக்கத்தில் கை வைத்து ஓங்கி அசைத்துப் பாருங்கள். விழுவதாக இருந்தால், நீங்கள் வெளியே நிற்கும் அந்த நேரத்தில் விழட்டும்.

வேலை நடக்கும் இடத்திலேயே பிரேக் தூளைப் பற்றியும் ஒரு சொல். பழைய கார்களின் லைனிங்கில் கல்நார் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. புதிய லைனிங்கின் தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல. காற்றுக்குழாயால் ஊதவோ உலர்ந்த தூரிகையால் தட்டவோ வேண்டாம். பிரேக் சுத்திகரிப்புத் திரவத்தாலோ சோப்பு நீராலோ நனைத்துத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள்.

கேபிளைத் தளர்த்துதல்

லிவரை முழுவதும் இறக்கி, கேபிள் சரிசெய்யும் நட்டைக் கண்டுபிடியுங்கள். பல கார்களில் அது லிவரைச் சுற்றியுள்ள உறையை விலக்கினால், லிவரின் அடியிலேயே தெரியும். வேறு சிலவற்றில் வண்டியின் அடிப்பகுதியில், ஒற்றைக் கம்பி இரண்டாகப் பிரிந்து இடமும் வலமும் போகும் சமன் தகட்டின் அருகே இருக்கும். மரையில் துரு ஏறியிருந்தால் துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து, கால் மணி நேரமாவது ஊறவிடுங்கள். நட்டைத் திருப்பும்போது கூடவே மரைத்தண்டும் சுழன்றால் கேபிளின் இழைகள் முறுக்கிக்கொள்ளும். அதனால் தண்டை ஒரு குறடால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். சில கார்களில் இரண்டாவதாக ஒரு லாக் நட்டு இருக்கும். அதை முதலில் விடுவித்துவிட்டு, கேபிள் கைக்குத் தொளதொளவென்று ஆடும் வரை சரிசெய்யும் நட்டைப் பின்வாங்குங்கள். எத்தனை சுற்று பின்வாங்கினீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போதே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். கேபிள் தளர்ந்த நிலையில் இரு பின்சக்கரங்களையும் கையால் சுழற்றிப் பாருங்கள். இரண்டும் எளிதாகச் சுழன்றால் நல்லது. ஒன்று மட்டும் இறுகியிருந்தால், கேபிளைத் தளர்த்தியும் அந்தப் பக்கத்தில் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. உறைக்குள் துருப்பிடித்துச் சிக்கிய கேபிளோ, இறுகிப்போன காலிப்பர் கரமோ, எண்ணெய் அழுத்தத்தால் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரோ காரணமாக இருக்கலாம். அந்தக் குறையை நீக்காமல் மேலே போவதில் பயனில்லை. பின்சக்கர இயக்கம் உள்ள கார்களில் இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் கனத்தால் சக்கரம் சற்று மந்தமாகவே சுழலும். அதைப் பிரேக் உரசல் என்று எண்ணிவிடக்கூடாது. உரசல் என்றால் காதுக்குச் "சர்" என்ற ஒலி கேட்கும், பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில்.

டிரம்மின் உள்ளே

டிரம்மைக் கழற்றாமலே, ஷூக்களைத் தாங்கும் பின்தட்டில் உள்ள ரப்பர் மூடியை எடுத்துவிட்டு ஸ்குரு டிரைவரை நுழைத்துப் பல்சக்கரத்தைத் திருப்பலாம் என்பது உண்மைதான். ஆனாலும், முதல் முறை சரிசெய்பவர்கள் டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. லைனிங் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது தெரியாமல் இடைவெளியை மட்டும் குறைப்பது, கிணற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பார்க்காமல் கயிற்றை நீட்டிக்கொண்டே போவது போன்றது.

சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுங்கள். டிரம் பிடித்துக்கொண்டு வர மறுத்தால், அதன் முகத்தில் மரை வெட்டப்பட்ட இரண்டு சிறு துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். பொருத்தமான போல்ட்டுகளை, பெரும்பாலும் 8 மி.மீ. விட்டம் கொண்டவற்றை, அத்துளைகளில் மாறி மாறிச் சமமாக முறுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும். அப்போதும் வராவிட்டால், டிரம்மின் உள்விளிம்பில் தேய்மானத்தால் உண்டான வரம்பில் ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பின்தட்டுத் துளை வழியாகப் பல்சக்கரத்தைத் தளர்த்திய பிறகு இழுக்க வேண்டும். சுத்தியலால் விளிம்பில் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு உடையும்.

டிரம் வெளியே வந்தபின் பிரேக் மிதியை யாரும் மிதித்துவிடக்கூடாது. மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே பாய்ந்துவிடும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போடவும் வேண்டாம். ஒரு பக்கம் முழுமையாக இருந்தால், எந்த ஸ்பிரிங் எங்கே மாட்டியிருந்தது என்ற ஐயம் வரும்போது எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாம். வலமும் இடமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும் என்பதையும், ஒரு பக்கத்துச் சரிசெய்வானை மறுபக்கத்தில் மாட்டினால் அது தலைகீழாக வேலை செய்யும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உள்ளே பார்க்க வேண்டியவற்றில் முதலானது லைனிங்கின் கனம். இரும்பின் மேல் 1 மி.மீ. என்பதைக் கடைசி எல்லையாகப் பல கையேடுகள் வைக்கின்றன; அதை நெருங்கிவிட்டால் சரிசெய்வதை விட்டுவிட்டு இரு பக்கத்து ஷூக்களையும் மாற்றுங்கள். டிரம்மின் அதிகபட்ச உள்விட்டம் பெரும்பாலும் டிரம்மிலேயே எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்மானம் அதைத் தாண்டியிருந்தால் டிரம்மையும் மாற்ற வேண்டும். அடுத்து, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியின் ஓரத்தைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தால் சிலிண்டர் கசிகிறது. எண்ணெய் ஊறிய லைனிங்கை எவ்வளவு கழுவினாலும் பழைய பிடிப்பு திரும்பாது.

இவையெல்லாம் நன்றாக இருந்தால் இரும்புக் கரத்தின் முளையைப் பாருங்கள். கேபிளைத் தளர்த்திய இந்த நிலையில் அது ஷூவின் விளிம்பில் படிந்திருக்க வேண்டும். படியாவிட்டால் கேபிள் உறைக்குள் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அத்தகைய கேபிளுக்கு எண்ணெய் விட்டுச் சமாளிப்பதைவிட மாற்றிவிடுவதே சரி, ஏனென்றால் உறைக்குள் புகுந்த நீரும் துருவும் அங்கேயேதான் இருக்கும். பல்சக்கரத்தை அதன் மரையில் முழுவதுமாகச் சுழற்றிப் பார்த்து, துருவைத் தேய்த்து எடுத்து, உயர் வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை மரையில் மெல்லிய படலமாகத் தடவுங்கள். ஷூக்கள் பின்தட்டில் உரசும் சிறு மேடுகளிலும் ஒரு துளி போதும். லைனிங்கில் கிரீஸ் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நீட்டி, டிரம்மைப் போட்டுப் போட்டுப் பாருங்கள். டிரம் ஷூவின் மேல் சிரமமின்றி, ஆனால் இலேசான உரசலோடு உட்கார வேண்டும். பின்தட்டின் துளை வழியாகச் செய்வதாக இருந்தால், சக்கரம் கையால் சுழற்ற முடியாதபடி பூட்டிக்கொள்ளும் வரை பல்சக்கரத்தை நீட்டிவிட்டு, சக்கரம் தடையின்றிச் சுழலும் வரை ஒவ்வொரு பல்லாகப் பின்வாங்க வேண்டும். பின்வாங்கும்போது, பல்லைத் தடுத்து நிற்கும் சிறு நாக்கை இன்னொரு மெல்லிய ஸ்குரு டிரைவரால் விலக்கிப் பிடிக்காவிட்டால் பல்சக்கரம் நகராது, அல்லது பல் மழுங்கிவிடும். இரு பக்கத்திலும் உரசல் ஒரே அளவில் இருக்க வேண்டும். கைப்பிரேக் வண்டியை ஒரு பக்கமாக மட்டும் பிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இடத்தில் விட்ட கவனக்குறைவுதான்.

இரண்டு டிரம்களும் தம் இடத்தில் பொருந்திய பிறகு, நட்டுகளை மாட்டி டிரம்மை அசையாமல் பிடிக்க வைத்து, பிரேக் மிதியைப் பத்துப் பதினைந்து முறை நிதானமாக மிதியுங்கள். ஷூக்கள் தம் மையத்தில் வந்து அமரும். தானியங்கிச் சரிசெய்வானும் மிச்சமிருக்கும் இடைவெளியை எடுத்துக்கொள்ளும். ஒருவர் மிதிக்க மற்றொருவர் சக்கரத்தருகே காது வைத்துக் கேட்டால், முதல் சில மிதிகளில் உள்ளிருந்து "டிக்" என்ற மெல்லிய ஒலி வந்து, பிறகு நின்றுபோவது சில கார்களில் தெளிவாகக் கேட்கும். அந்த ஒலி நின்ற பிறகே கேபிளுக்குப் போக வேண்டும்.

டிஸ்க் உள்ள கார்களில்

காலிப்பரோடு இணைந்த வகையில் செய்ய வேண்டியது குறைவு. கேபிளைத் தளர்த்தியதும், காலிப்பரின் சிறு கரம் அதன் தடுப்பில் போய் முட்டி நிற்கிறதா என்று இரு பக்கமும் பாருங்கள். முட்டவில்லை என்றால் கரத்தின் அச்சில் துரு ஏறியிருக்கிறது. பிரேக் மிதியைப் பலமுறை மிதித்தால் உள்ளே உள்ள திருகு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடுகளை மாற்றும்போது இந்தப் பிஸ்டனைப் பெரும்பாலான கார்களில் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அழுத்தித் தள்ளினால் உள்ளிருக்கும் மரைப்பொறி பழுதாகும்.

டிஸ்க்குக்குள் சிறு டிரம் உள்ள வகையில், டிஸ்க்கின் முகத்திலோ பின்தட்டிலோ ரப்பர் மூடி போட்ட துளை ஒன்று இருக்கும். டிஸ்க்கைச் சுழற்றித் துளையைப் பல்சக்கரத்துக்கு நேராகக் கொண்டுவந்து, மேலே சொன்னபடியே பூட்டும் வரை நீட்டிப் பின்வாங்க வேண்டும். எத்தனை பல் பின்வாங்குவது என்பதைக் கையேடு எண்ணாகவே தரும். இந்தச் சிறு ஷூக்கள் ஓடும் வண்டியை நிறுத்துவதில் பங்கெடுப்பதில்லை. அதனால் அவை தேய்வதைவிடத் துருவாலும் பளபளப்பேறிய லைனிங்காலும் பிடிப்பை இழப்பதே அதிகம்.

இப்போது கேபிள்

நட்டை இறுக்குவதற்கு முன், லிவரை முழு வலுவோடு நான்கைந்து முறை இழுத்து இறக்குங்கள். உறையும் இணைப்புகளும் தம் இடத்தில் அழுந்தி அமர இது தேவை. புதிய கேபிளாக இருந்தால் இன்னும் சில முறை இழுக்கலாம், ஏனென்றால் புதிய கேபிள் தொடக்கத்தில் கொஞ்சம் நீளும். பிறகு, தளர்ந்து தொங்கும் கேபிளின் ஆட்டம் மறையும் வரை நட்டை இறுக்கி, அதன்பின் ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று மட்டும் இறுக்கி, லிவரை இழுத்துப் பல்லை எண்ணுங்கள்.

எண்ணும்போது இழுக்கும் வலு ஒரே அளவில் இருக்க வேண்டும். பல கையேடுகள் 200 நியூட்டன் என்று, அதாவது ஏறக்குறைய 20 கிலோ எடையைத் தூக்கும் வலுவை, அளவாகச் சொல்கின்றன. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு வீட்டில் இருந்தால், அதை லிவரின் பிடியில் மாட்டி ஒருமுறை 20 கிலோ வரை இழுத்துப் பாருங்கள். எவ்வளவு இழுப்பது என்று கைக்குப் பழகிவிடும். கேட்கும் ஒவ்வொரு "டக்" ஒலியும் ஒரு பல். பட்டனை அழுத்தியபடி இழுத்தால் ஒலி கேட்காது. எண்ணும்போது பட்டனில் கை வைக்க வேண்டாம்.

கையேடு சொல்லும் எண் வந்ததும் லிவரை இறக்கிச் சக்கரங்களைச் சுழற்றுங்கள். கேபிளை இறுக்குவதற்கு முன் எப்படிச் சுழன்றனவோ அதே எளிமையோடு சுழல வேண்டும். லிவரை ஒரு பல் ஏற்றியவுடனேயே சக்கரம் பூட்டிக்கொண்டால் கேபிள் மிகை. இறங்கிய நிலையில் உரசல் கூடியிருந்தாலும் மிகைதான். அரைச் சுற்று பின்வாங்குங்கள். சரியான எண்ணும் தடையற்ற சுழற்சியும் ஒருசேர அமையவே மாட்டேன் என்றால், கேபிளில் தொடர்ந்து போராடாமல் சக்கரத்துக்குத் திரும்புங்கள். அங்கே இடைவெளி இன்னும் மிச்சமிருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று திரும்ப மறுக்கிறது. சமன் தகட்டையும் ஒருமுறை பாருங்கள்: லிவரை இழுத்திருக்கும்போது அது ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும், ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் இரு பக்கத்து இழுப்பும் சமமாக இல்லை.

எல்லாம் பொருந்தியதும் லாக் நட்டை இறுக்கி, லிவரை ஒரு பல் ஏற்றினால் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, இறக்கினால் அணைகிறதா என்று பாருங்கள். இறக்கியும் அணையாவிட்டால் லிவரின் அடியில் உள்ள சுவிட்சைச் சற்று வளைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கலாம். பிரேக் எண்ணெயின் மட்டம் குறைந்திருந்தாலும் பல கார்களில் அதே விளக்குதான் எரியும் என்பதால் எண்ணெய்க் குடுவையையும் பார்த்துவிடுங்கள். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, நட்டுகளை எதிரெதிர் வரிசையில், கையேடு சொல்லும் அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

சோதித்துப் பார்த்தல்

முதல் சோதனை சமதரையில். வண்டியை நடைவேகத்தில் உருட்டி, கால்பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே சரிவுக்குப் போங்கள். சரிவில், கால்பிரேக்கை அழுத்தியபடி கைப்பிரேக்கை ஏற்றி, நியூட்ரலில் வைத்து, காலை மெல்ல மெல்ல எடுங்கள். ஒருமுறை ஏற்றத்தை நோக்கியும் ஒருமுறை இறக்கத்தை நோக்கியும் நிறுத்திப் பார்க்க வேண்டும். டிரம் பிரேக்கில் ஷூக்களின் பிடிப்பு இரு திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் 13-எச் எண்ணுள்ள வாகன விதிமுறை, முழுப் பாரம் ஏற்றிய கார் 20 விழுக்காடு சரிவில், அதாவது 100 மீட்டருக்கு 20 மீட்டர் உயரும் சரிவில், இரு திசையிலும் கைப்பிரேக்கால் நிற்க வேண்டும் என்றும், அதற்காக லிவரை இழுக்கும் விசை 400 நியூட்டனைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. ஏறக்குறைய 11 பாகை கொண்ட அந்தச் சரிவு கண்ணுக்கு நல்ல செங்குத்தாகவே தெரியும். அதில் நின்றுவிடும் கார் அன்றாடம் காணும் சரிவுகளில் நழுவாது.

அதன்பின், பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய் வெப்பத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், தொட வேண்டாம். பின்சக்கரங்களில் ஒன்று மட்டும் அனலடித்தாலோ கருகிய நெடி வந்தாலோ அந்தப் பக்கம் உரசிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் நெடுந்தூரம் ஓட்டினால் லைனிங் எரிந்து, பிரேக் எண்ணெய் கொதித்து, கால்பிரேக்கும் கைவிடும் அபாயம் இருக்கிறது. அன்றைக்கே மறுபடி தூக்கிப் பார்க்க வேண்டும்.

சில பத்துக் கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளை மீண்டும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். சரிசெய்த நாளையும், அன்று ஓடியிருந்த கிலோமீட்டரையும், லிவர் நின்ற பல்லின் எண்ணையும் பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை அதே வலுவோடு இழுத்து எண்ணிப் பாருங்கள். ஆண்டில் ஒரு பல் கூடினால் அது இயல்பான தேய்மானம். ஒரே மாதத்தில் இரண்டு பல் கூடினால், லிவரின் அடியில் உள்ள நட்டைத் தொடாமல் டிரம்மைக் கழற்றுங்கள்.